ஒட்டுப் போர்வைக் கண்காட்சி வைத்து எஸ்டேட் காட்சியறைக்குப் பணம் திரட்ட முடியுமா?

நல்லதண்ணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மூணாறு வட்டாரத்தில் இருக்கிறேன். எங்கள் வாசகசாலையின் பின்னறையில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறோம். கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, பழைய சம்பளச் சீட்டுகள், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியில் கிடந்த தூக்குச்சட்டி, மழைக்குத் தலையில் போட்ட கறுப்புக் கம்பளி என்று பொருள் வந்துகொண்டே இருக்கிறது. வைக்கத்தான் வசதி இல்லை. கூரைத் தகரம் ஒழுகுகிறது. அலமாரிக்குக் கண்ணாடி கிடையாது. போன மழையில் சம்பளச் சீட்டுகளில் பூஞ்சை ஏறிவிட்டது.

நல்லதண்ணியில் 2005 முதல் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடி 1924 வெள்ளத்தோடு போன ரயிலின் சக்கரமும், நாசரேத் கலைத்தொழில் பள்ளியில் 1913-ல் செய்த சூரியக் கடிகாரமும் அங்கே இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம். ஆனால் அது தேயிலைக்கான இடம். கொழுந்து பறித்தவர்கள் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுவதற்குத்தான் எங்கள் அறை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். அமெரிக்காவில் ஊர்ப் பெண்கள் கூடித் துணித் துண்டுகளை இணைத்து ஒட்டுப் போர்வை தைத்து, கண்காட்சி வைத்து, வருகிற பணத்தை உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பார்களாம். குவில்ட் என்கிறார்கள். எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (பெண்கள் குழுவில்) தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பழஞ்சேலைக்கும் பஞ்சமில்லை. இங்கே இது எடுபடுமா?

போடிமெட்டு:

தம்பி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். கசக்கிக் கட்டி, அதற்கு டிக்கெட்டும் போடு என்று சொல்லவில்லை. மூணாறுக்கு வருகிறவன் மூடுபனியைப் பார்க்க வருகிறான். மாட்டுப்பட்டி அணையில் படகு ஏறுகிறான், சாக்லெட் வாங்குகிறான், இறங்கிப் போகிறான். அவனை வழிமறித்து லயத்துப் பழம்போர்வையைக் காட்டினால் நிற்பானா? ஏலக்காய்க் கடைகளிலும் லாட்ஜுகளிலும் ரசீதுப் புத்தகத்தோடு போய் நில்லுங்கள். தகரத்துக்குப் பணம் வந்துவிடும். மூக்கைச் சுற்றித் தொடுவானேன்?

ஓஹையோ கரை:

நல்லதண்ணித் தம்பிக்கு, நான் நாகர்கோவிலில் பிறந்தவள், இப்போது கென்டக்கி மாநிலத்தில் குடியிருக்கிறேன். இங்கே ஒரு தையல் குழுவில் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்களுக்கு எட்டும் தூரத்தில் பாதூக்கா என்ற ஊர் இருக்கிறது. ஓஹையோ ஆற்றங்கரையில் முப்பதாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். 1991-ல் அங்கே குவில்ட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதக் கண்காட்சி வாரத்தில் ஊர்க்காரர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் வெளியிலிருந்து வந்து குவிகிறார்கள். ஊருக்கு அதில் நல்ல வரவு. 2013-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இந்த ஊரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் இதைப் பார்த்து நீங்கள் மலைக்க வேண்டாம். உங்களுக்குப் பொருந்துவது இங்குள்ள சின்ன ஊர்களின் வழிதான். அவர்கள் சர்ச் மண்டபத்தையோ பள்ளிக்கூட ஹாலையோ இரண்டு நாள் எடுத்துக்கொள்வார்கள். நுழைவுச் சீட்டு சிறு தொகை. துணிக்கடை, நூல்கடைக்காரர்களிடம் ஸ்டால் வாடகை. வீட்டில் செய்த பலகாரம். நல்ல போர்வை எது என்று பார்வையாளர்களே வாக்களிப்பார்கள். அதற்குப் பரிசு ரிப்பன்தான், ஆனால் அந்த ரிப்பனுக்காகப் பெண்கள் ஓராண்டு தைப்பார்கள்.

பெரிய வரவு குலுக்கலில் வருகிறது. குழுவினர் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பெரிய போர்வை தைப்பார்கள். அதைச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய்க் காட்டி, சீட்டு விற்று, கண்காட்சியின் கடைசி நாளில் குலுக்கி ஒருவருக்குக் கொடுப்பார்கள். துணியின் விலையைப் பார்த்தால் ஒன்றுமில்லை. சீட்டில் வரும் பணம் அதைப்போல் பல மடங்கு.

எனக்குப் பிடித்த நிகழ்ச்சி இன்னொன்று உண்டு. ஒரு பழைய கட்டிலில் போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அடுக்கி வைப்பார்கள். சுற்றிலும் நாற்காலி. இரண்டு பேர் மேலே உள்ளதைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் அதன் கதையைச் சொல்வார்: யார் தைத்தது, எந்தக் கல்யாணத்துக்கு, எந்தச் சட்டைத் துணி. பிறகு அதை மடித்துவிட்டு அடுத்ததைத் தூக்குவார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குத் தனிச் சீட்டு. உங்கள் லயத்துப் பாட்டிமார்களை உட்காரவைத்துச் சொல்லச் சொன்னால் போடிமெட்டு அண்ணாச்சியே சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார்.

வேலந்தாவளம்:

அம்மா சொன்னதில் எல்லாம் சரி. குலுக்கலை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்து, அதிர்ஷ்டத்தால் பரிசு என்றால் அது லாட்டரி. இந்த நாட்டில் லாட்டரி நடத்துகிற உரிமை மாநில அரசுக்குத்தான் உண்டு. 1998-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அதற்கு வரையறை போட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் நடத்தினால் பழைய தண்டனைச் சட்டத்தில் 294ஏ, அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 297-ஆம் பிரிவு. நல்ல காரியத்துக்குத்தானே என்ற சமாதானம் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. கேரள அரசு 1967-ல் ஒரு ரூபாய் டிக்கெட்டில் தொடங்கிய தொழில் அது. முதல் பரிசு 50,000. அரசு தன் கடைக்கு எதிரே உங்களைக் கடை போட விடுமா? எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் சீட்டு விற்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே 2003 முதல் லாட்டரிக்கே தடை. எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் டிக்கெட் கட்டோடு பிடிபட்டு விழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரியவாரை பஸ்:

ஐயா, திருவிழாவுக்கும் கிளப் ஆண்டுவிழாவுக்கும் கூப்பன் அடித்துக் குத்துவிளக்கும் மிக்ஸியும் குலுக்கிக் கொடுக்கிறார்களே?

வேலந்தாவளம்:

கொடுக்கிறார்கள். சீட் பெல்ட் போடாமலும்தான் ஓட்டுகிறார்கள். வாசகசாலை என்பது பதிவு எண்ணும் தணிக்கையும் உள்ள இடம். செயலாளர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், ஆகவே சொல்கிறேன்.

குலுக்கல் வேண்டாம், ஏலம் போடுங்கள். ஏலத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, அதிகம் கேட்டவர் எடுத்துக்கொள்கிறார். ரசீது கொடுத்தால் முடிந்தது.

இன்னொன்று, ஓஹையோ அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டிலிருந்து நன்கொடை வரும்போது அனுப்புகிறவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தொல்லை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், நம்மவராகவே பிறந்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

ஓஹையோ கரை:

கோபமெல்லாம் இல்லை ஐயா. என்னிடம் இருப்பது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

குலுக்கல் கூடாது என்றால் வேறொரு பழைய வழி இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இங்குள்ள பெண்கள் ஊருக்கு ஊர் செய்தது அது. ஒரு சிறு தொகை கொடுத்தால் உங்கள் பெயரைப் போர்வையில் நூலால் எழுதுவார்கள். பெரும்பாலும் வெள்ளைத் துணி, சிவப்பு நூல். நூற்றுக்கணக்கான பெயர்கள் ஏறிய போர்வைகள் இன்றும் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு பெயருக்குக் கொடுத்தது சில்லறைதான். சேர்ந்தபோது பெரிய தொகை. ஊரின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் கூடவே மிஞ்சியது.

ஊசிமுனை:

கொழிஞ்சாம்பாறையில் தையல்கடை வைத்திருக்கிறேன். ஏலமா பெயரா என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். துணி விஷயத்தில் யாரும் வாய் திறக்கவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

தோட்டத்துப் பெண்கள் கட்டியது என்ன சேலை? எங்கள் அத்தை வால்பாறையில் இருந்தவர், பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் நைலக்ஸ் என்ற செயற்கை இழைச் சேலை. நனைந்தாலும் சீக்கிரம் காயும், சாயம் போகாது, விலையும் குறைவு. மலைக்கு ஏற்ற சேலை, தையலுக்கு எதிரி. ஊசிக்கு அடியில் வழுக்கும். நூல் சேலையோடு சேர்த்துத் தைத்தால் முதல் சலவையில் நூல் சேலை சுருங்கும், நைலக்ஸ் அப்படியே நிற்கும். தையல் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து போர்வை கோணிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்தால் சுருண்டு பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு ஒரே வழி, அடியில் காடாத் துணி கொடுப்பது. காடாவை முதலில் நன்றாக நனைத்துக் காயவைத்துச் சுருக்கிவிட வேண்டும். பத்து அங்குலச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தின்மேலும் சேலைத் துண்டுகளை வைத்துத் தைத்தால் நைலக்ஸ் அடங்கி நிற்கும். இன்னொரு சௌகரியம், ஆளுக்கு நாலு சதுரம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைக்கலாம். எல்லோரும் ஒரே இடத்தில் கூட வேண்டியதில்லை. கடைசியில் நான்கைந்து பேர் உட்கார்ந்து இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து ஓடுதையல் போட்டு, ஓரப்பட்டி அடித்துவிடலாம்.

உள்ளே வைப்பதற்குப் போடியில் இலவம் பஞ்சு மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். வாங்காதீர்கள். அது தலையணைக்கு நல்லது. போர்வையில் போட்டால் துவைத்தவுடன் ஒரு மூலையில் போய் உருண்டு உட்கார்ந்துகொள்ளும். பழைய நூல் சேலை இரண்டு மூன்றை மடித்து வைத்தாலே போதும்.

ஜரிகைக் கரை வேண்டவே வேண்டாம். ஊசி முறியும்.

நகரிக்காரன்:

நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 1960-ல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டோடு போயின, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. இங்கே இந்தப் போர்வைக்குப் பொந்த என்று பெயர். அமெரிக்காவுக்கெல்லாம் போக வேண்டாம், எங்கள் திண்ணைக்கு வந்தாலே போதும். என் பெரியம்மா கோடை விடுமுறையில் பிள்ளைகள் எல்லோரையும் துணியின் நாலு மூலையில் ஆளுக்கொருவராக உட்காரவைத்துவிடுவார். நகராமல் இருக்கப் பாரம் வேண்டும், அதற்கு நாங்கள். கோணி ஊசியில் இரட்டை நூல் கோத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார். தூங்கிவிழுந்தால் தொடையில் ஊசி.

கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி சமூகத்துப் பெண்களும் இப்படித்தான் ஓரத்தில் தொடங்கி உள்ளே வருகிறார்கள். ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். அவர்கள் போர்வை முடியும்போது நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ என்று வைத்துத் தைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்கள் கணக்கில் அம்மணம். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் வரை அவை போயிருக்கின்றன. ஊசிமுனை அக்கா சொல்லும் சதுரக் கணக்கு ஒழுங்காக வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லயத்துப் பாட்டிகள் சதுரம் வெட்டித் தைத்திருப்பார்களா? கிடைத்த துண்டைக் கிடைத்த இடத்தில் வைத்திருப்பார்கள். அந்த ஒழுங்கின்மைதான் அழகு.

ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் உறவினர்கள் உண்டு. பாவு முடியும் இடத்தில் மிஞ்சும் துண்டுத் துணி ஒரு மூட்டை அனுப்பச் சொல்கிறேன். பஸ்ஸில் போட்டால் வந்துவிடும்.

ஊசிமுனை:

தம்பி, அழகு சரி. நாற்பது பேர் தைத்ததை ஒன்றாக இணைத்துக் கொடு என்று இவர்கள் எப்படியும் என்னைத்தான் கேட்கப் போகிறார்கள். சதுரத்துக்கு உள்ளே எப்படி வேண்டுமானாலும் தைக்கட்டும், வெளி ஓரம் பத்து அங்குலம் இருக்க வேண்டும். மூலையில் பூ வைக்கலாம். அது நன்றாக இருக்கும்.

பழம்பொருள்:

அரசு அருங்காட்சியகம் ஒன்றில் துணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பணம் திரட்டும் உற்சாகத்தில் பழைய போர்வைகளைக் கொன்றுவிடாதீர்கள்.

முதல் எதிரி வெளிச்சம். பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும். நேர் வெயிலில் அது ஒரு லட்சத்தை எட்டும். ஒளியால் போன நிறத்தை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. ஜன்னலுக்கு எதிரே தொங்கவிட வேண்டாம், காட்சி முடிந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். இரண்டாவது, ஆணி அடித்தோ கிளிப் போட்டோ தொங்கவிடுவது. முழு எடையும் இரண்டு மூன்று புள்ளிகளில் இறங்கிக் கிழித்துவிடும். பின்பக்கம் மேல் விளிம்பு நெடுக நாலு அங்குல அகலத்தில் காடாத் துணியால் உறை ஒன்று கையால் தைத்து, அதற்குள் இழைத்த ரீப்பர் கட்டையைச் செருகி இரு முனையிலும் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். மிகவும் நைந்ததைத் தொங்கவிடவே கூடாது, மேசையில் விரித்துத்தான் வைக்க வேண்டும். கட்டிலில் அடுக்கிக் கதை சொல்லும் முறையை அந்த அம்மா எழுதியிருந்தார்களே, நைந்த போர்வைக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தூக்குகிறவர்கள் கைகழுவி ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும், மோதிரமும் வளையலும் கழற்றிவிட வேண்டும்.

பிறகு, மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டால் மடிப்பு நெடுகத் துணி அறுந்துபோகும். குழாயில் துவைத்த வெள்ளைத் துணியைச் சுற்றி, அதன்மேல் போர்வையைச் சுருட்டி வையுங்கள். உள்ளே கம்பளி உள்ள போர்வை என்றால் அந்துப்பூச்சி நிச்சயம். மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மூணாறில் கண்காட்சியை மழைக்காலத்தில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவாரை பஸ்:

2030-ல் குறிஞ்சி பூக்கும், ராஜமலையில் கூட்டம் நெரியும். அப்போது வைத்தால் என்ன?

நல்லதண்ணிக்காரன்:

அதுவரை கூரை தாங்காது அண்ணா.

சிட்டிவரைப் பேத்தி:

நான் எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறேன். பாட்டி குண்டளைப் பக்கம் கொழுந்து எடுத்தவர். எங்களிடம் அவர் தைத்த போர்வை ஒன்று இருக்கிறது. மேலே மூன்று நான்கு சேலை, உள்ளே எஸ்டேட்டில் கொடுத்த கம்பளி. ஒரு மூலையில் மாமாவின் பள்ளிக்கூட காக்கிச் சட்டைப் பை, பொத்தானோடு அப்படியே வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. பாட்டி அதற்குள் சுண்ணாம்பு டப்பாவை வைத்துக்கொள்வார். இரவில் வெற்றிலை போட எழுந்து போக வேண்டாம் பாருங்கள். பை விளிம்பில் சுண்ணாம்புக் கறை இன்றும் வெள்ளையாக இருக்கிறது.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா இந்தப் போர்வையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். கடையில் வாங்கிய சிங்கம் போட்ட போர்வை மேலே வரும். போடிமெட்டு ஐயா எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அம்மாவே அந்தக் கட்சிதான். கண்காட்சி வைத்தால் போர்வையைக் கொண்டுவருகிறேன். ஆனால் விலைக்குக் கேட்டால் தரமாட்டேன். ஏலம் என்ற பேச்சு வந்ததுமே நடுங்கிவிட்டேன்.

வேலந்தாவளம்:

மகளே, உள்ளே வைத்துத் தைத்தார்களே அந்தக் கம்பளி, அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 17-ஆம் பிரிவு. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றைத் தோட்ட முதலாளி கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்று, 2025 வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டம் சொன்னது. காட்சியறையில் அந்தப் பிரிவை எழுதிப் போர்வைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வழக்கறிஞர்கள்கூட வந்து பார்ப்பார்கள்.

போடிமெட்டு:

காக்கிப் பைக்குள் சுண்ணாம்பு டப்பா. சரி, அதைப் பார்க்க வேண்டுமென்றால் இருபது ரூபாய் கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கூரை போட முடியாது தம்பி. கணக்கைச் சொல்லுங்கள்.

ஓஹையோ கரை:

பேத்தி சொன்னது முக்கியம். பழையதையும் புதியதையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றுவளைவுக் குக்கிராமம் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வேலை உடுப்புத் துணிகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் அவை. 2002-ல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் மாட்டினார்கள், நாடே திரும்பிப் பார்த்தது. 2006-ல் தபால்தலையாக வந்தன. 2007-ல் என்ன நடந்தது தெரியுமா? தைத்தவர்களில் மூன்று பேர், விற்றதிலும் படங்களிலும் தங்களுக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ஆகவே தம்பி, பழைய போர்வை கொண்டுவருகிறவர்களிடம் இது இரவல்தான் என்று இரண்டு படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன நிலையில் வந்தது, எங்கே கிழிசல், எப்போது திருப்பித் தருவோம், படம் எடுக்கலாமா, படத்தை வாழ்த்து அட்டையாக அச்சடித்து விற்றால் பங்கு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தைத்தவர் பெயர் கட்டாயம். இங்கே பழைய போர்வைகள் பலவற்றுக்குத் தைத்தவர் பெயரே தெரியாமல் போய்விட்டது.

நல்லதண்ணிக்காரன்:

வாசகசாலைக் கூட்டத்தில் இதையெல்லாம் வைத்துப் பேசினோம். ஒருவாறு முடிவுக்கு வந்திருக்கிறோம்.

குலுக்கல் கிடையாது. பழைய போர்வைகள் இரவலாக மட்டும் வரும், திரும்பிப் போகும். புதிதாக இரண்டு தைக்கிறோம். நகரி மூட்டைத் துணியில் ஒன்று, அது ஏலத்துக்கு. இன்னொன்று பெயர்ப் போர்வை, வெள்ளைக் காடாவில் சிவப்பு நூல், நாலு ஓரமும் லயத்துச் சேலைப் பட்டி. பெயர் ஒன்றுக்கு 300 ரூபாய். அது விற்பனைக்கு இல்லை, காட்சியறைச் சுவரிலேயே இருக்கும். எட்டுக்குப் பத்து என்று சதுரங்கள் வைத்தால் எண்பது. சதுரத்துக்கு இரண்டு பெயர் என்றால் 160 பெயர், 48,000 ரூபாய். தகரத்துக்கும் ஓர் அலமாரிக்கும் இது போதும், போடிமெட்டு அண்ணாச்சி. நுழைவு 20 ரூபாய், பிள்ளைகளுக்கு இலவசம். பாட்டிமார் கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு 50 ரூபாய், அதில் பாதி சொல்லுகிறவர்களுக்கு. தை மாதத்தில் பள்ளிக்கூட மண்டபம் கேட்டிருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இழுபறி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி மண்சரிவில் 70 பேர் போனார்கள். அவர்கள் பெயரையும் இதில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பணம் யார் கட்டுவது என்ற பேச்சு வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது.

ஓஹையோ கரை:

அவர்கள் பெயரைப் பணப் போர்வையில் சேர்க்காதீர்கள் தம்பி. 1987 அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான நினைவுப் போர்வையை விரித்தார்கள். அன்று 1,920 துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, அவரவர் வீட்டார், நண்பர்கள் தைத்தது. பெயரைப் போடுவதா, எப்படிப் போடுவது என்பதை இழந்தவர்களே முடிவு செய்தார்கள். பெட்டிமுடிக் குடும்பங்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் வேண்டும் என்றால் தனியாக ஒன்று, அவர்கள் கையால், துணியும் நூலும் நீங்கள் கொடுத்து. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

உத்தமபாளையம்:

இந்தப் பேச்சு முழுவதையும் படித்தேன். எங்கள் கொள்ளுத்தாத்தா அந்த மலையில் கங்காணியாக இருந்தவர். கீழே ஊரிலிருந்து ஆள் கூட்டிப்போனவர். நான் 5,000 ரூபாய் தருகிறேன். அவர் பெயரைப் பெயர்ப் போர்வையில் நடுச் சதுரத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போட முடியுமா?

சிட்டிவரைப் பேத்தி:

ஆள் கூட்டிப்போனார், சரி. முன்பணத்தைக் கொடுத்துக் கூட்டிப்போய், அந்தக் கடன் தீராமல் பார்த்துக்கொண்டதும், ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கியதும் யார்? எங்கள் பாட்டி கங்காணி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அவர் போர்வை தொங்கும் அறையில் நடுச் சதுரம் கங்காணிக்கா?

உத்தமபாளையம்:

எல்லாக் கங்காணியும் ஒன்று இல்லை தங்கச்சி. எங்கள் கொள்ளுத்தாத்தாவும் காய்ச்சலில் அந்த மலையிலேயே செத்தவர். புதைத்த இடம்கூட எங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் கேட்டேன். நடு வேண்டாம், விடுங்கள்.

வேலந்தாவளம்:

நல்லதண்ணி, இப்போதே விதி எழுதிவிடுங்கள். 300 கொடுத்தாலும் 5,000 கொடுத்தாலும் எழுத்து ஒரே அளவு. பெயர் வந்த வரிசைப்படி சதுரம். கூடுதல் தொகைக்கு ரசீது உண்டு, இடம் கிடையாது. இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு நகைக்கடைக்காரர் வந்து முழுப் போர்வையையும் வாங்கிவிடுவார்.

நல்லதண்ணிக்காரன்:

எழுதிவிட்டேன் ஐயா. உத்தமபாளையம் அண்ணா, உங்கள் கொள்ளுத்தாத்தா பெயருக்கு இடம் உண்டு. மற்றவர்களோடு.

சிட்டிவரைப் பேத்தி:

அப்படியானால் ஒன்று கேட்கிறேன். பெயரை மட்டும் போடாதீர்கள், செய்த வேலையையும் கீழே தையுங்கள். கொழுந்து, கவ்வாத்து, பிள்ளைமடுவம் (எஸ்டேட் குழந்தைகள் காப்பகம்), லாரி, ஆபீஸ், எதுவானாலும். கங்காணி என்றால் கங்காணி என்றே போடுங்கள். மறைக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம்.

உத்தமபாளையம்:

எனக்குச் சம்மதம்.

ஊசிமுனை:

முடிவு செய்வது நீங்கள், விரல் தேய்வது எங்களுக்கு. கணக்கைக் கேளுங்கள். பத்து அங்குலச் சதுரத்தில் தையலுக்கு விட்டது போக ஒன்பது அங்குலம் மிஞ்சும். அதில் இரண்டு ஆட்கள், ஆளுக்கு இரண்டு வரி, மொத்தம் நாலு வரி. ஒரு வரியில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் தெளிவாக வராது. பிள்ளைமடுவம் அடங்கும். தலைப்பெழுத்தும் பட்டப்பெயரும் ஊர்ப்பெயரும் சேர்த்துக் கேட்டால் அடங்காது. கொம்பும் சுழியும் சரியாக இருக்க வேண்டும், சிவப்பு நூலைப் பிரித்தால் காடாவில் தடம் நிற்கும். ஆகவே முதலில் பென்சிலில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவோம். வீட்டில் பெரியவர்களிடம் காட்டி, சரி என்று பதில் போட்ட பிறகுதான் ஊசி இறங்கும்.